வைக்கோல் மெத்தை

ஒரு புண்ணியத்தின் விலை ஒரு வைக்கோல். ஆஷா நிர்ணயித்த விலை அது, பேரம் கிடையாது. ஆனால் இரண்டாம் நாளே சந்தை சரிந்துவிட்டது. உற்பத்தி அப்படி.

"மம்மி, சரசு ஆன்ட்டி வீட்டுக் குடத்துல எல்லாம் தண்ணி ரொப்பிட்டேன். அஞ்சு வைக்கோல்," என்று கை நீட்டினாள் பெர்லின். வயது எட்டு.

"குடமெல்லாம் ஏற்கனவே ரொம்பித்தானடி இருந்துச்சு?"

"கொட்டிட்டு ரொப்பினேன்."

பின்னாலேயே ஆறு வயது ஆரோன் வந்தான். "மழை வரும்னு ஆன்ட்டியோட மொளகாயை வாரி உள்ள வெச்சுட்டேன், மம்மி."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. "உள்ளன்னா எங்கடா?"

"டாடி கட்டில்ல."

அந்த நேரம் பார்த்து, பொம்மனஹள்ளி ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த தாஸ் படுக்கையில் விழுந்தான். "ஏசுவே!" என்று உள்ளேயிருந்து கேட்டது. ஜெபம் இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

இத்தனைக்கும் காரணம் போன வருஷக் கிறிஸ்மஸ். தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில், அத்தனை பேர் நடுவில் ஃபாதர் சாமுவேல் ஆரோனைத் தூக்கி மடியில் வைத்து, "கிறிஸ்மஸ் யாரோட பொறந்தநாள்?" என்று கேட்டார். பையன் கொஞ்சமும் தயங்காமல், "சாண்டாவோடது" என்றான். கூட்டம் சிரித்தது. ஆஷா சிரிக்கவில்லை. கோயிலுக்குப் பூ வைத்து, ஞாயிறு தவறாமல் பூசை பார்த்து வளர்த்த பிள்ளை! அன்றைக்கே எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டாள்: அடுத்த வருஷம் தன் வீட்டில் தாடிக்கார மாமாவுக்கு வேலை இல்லை, இயேசு பாலனுக்கு மட்டும்தான் கிறிஸ்மஸ். ஃபாதரும், "அப்ப இருபத்திநாலாம் தேதி சாயங்காலம் உங்க வீட்டுக் குடிலை மந்திரிக்க நானே வரேன்மா" என்று சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் இந்த வருஷம் டிவியை இறக்கிவிட்டு அந்த இடத்தில் குடில். சூசையப்பர், மாதா, மாடு, கழுதை எல்லாம் தயார். நடுவில் காலியாக மரத்தொட்டி. பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் தொட்டியில் ஒரு வைக்கோல் போடலாம். இருபத்திநாலாம் தேதிக்குள் மெத்தை தயாராகிவிடும், பாலன் அதில் படுப்பார், ஃபாதரிடமும் கணக்கைச் சொல்லிவைத்தாயிற்று, வந்து பார்ப்பார். திட்டம் சுத்தமான திட்டம்தான். இரண்டே நாளில் தொட்டி வழிந்து, மாடு கழுத்துவரை வைக்கோலில் புதைந்து நின்றது என்பதுதான் சங்கடம்.

பக்கத்து வீட்டுச் சரசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "ஏம்மா ஆஷா, உங்க சாமிக்கு மெத்தை போடறதுக்கு எங்க வீட்டுக் காவேரித் தண்ணிதானா கெடச்சுது?"

ஆஷா தொட்டியைக் கவிழ்த்தாள். "பழைய கணக்கு ரத்து. புதுசா ஆரம்பிக்கிறோம். உண்மையான நல்ல காரியத்துக்குத்தான் வைக்கோல். அது மட்டுமில்ல, சண்டை போட்டா, பொய் சொன்னா, சத்தம் போட்டா ஒண்ணு வெளிய எடுத்துடணும். நான் பாக்க மாட்டேன். நீங்களேதான் போடணும், நீங்களேதான் எடுக்கணும். பாக்கறவர் பாத்துக்கிட்டிருக்கார்."

பிள்ளைகள் இரண்டும் பயபக்தியோடு தலையாட்டின.

அன்றிலிருந்து வீட்டில் வானத்திலிருந்து இறங்கிவந்த இரண்டு சம்மனசுகள் குடியிருந்தன. பெர்லின் சொல்லாமலே பாத்திரம் கழுவினாள். ஆரோன் அப்பாவின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டான். சண்டை இல்லை, கிள்ளல் இல்லை, ஒரு பென்சிலுக்காக உருண்டு புரளும் யுத்தம் இல்லை. ஆஷாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்தாம் நாள் குடிலை எட்டிப் பார்த்தாள். தொட்டியில் மூன்று வைக்கோல் கிடந்தது.

"எலி!" என்று அலறினாள். "ஏங்க, அந்த ஓட்டையை அடைங்க அடைங்கன்னு எத்தனை தடவை கத்தினேன்? காதுல என்ன சிமெண்டா பூசியிருக்கு? அதை எடுத்து ஓட்டையில பூசியிருக்கலாம்ல?"

பெர்லினும் ஆரோனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தாஸ் கோந்து அட்டை வாங்கிவந்து குடிலுக்கு முன்னால் வைத்தான். மறுநாள் அதில் எலி மாட்டவில்லை. ஆஷாவின் புதுச் செருப்பு மாட்டியது. அதற்கு அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. சாயங்காலம் தொட்டியில் ஒன்றும் இல்லை.

எலி இல்லை என்றால் சரசு வீட்டுப் பூனை. குடிலைத் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். பிள்ளைகளுக்கு எட்டவேண்டுமே என்று பக்கத்தில் ஒரு ஸ்டூலும் போட்டாள். ஸ்டூலில் தாஸ் இடித்துக்கொண்டான், ஃப்ரிட்ஜ் ஆடியது, கழுதை மேலிருந்து குதித்து ஒரு காதை இழந்தது.

"வீட்ல ஒரு மனுஷனுக்காவது கண்ணு இருக்கா?"

"ஃப்ரிட்ஜ் மேல கழுதை நிக்கும்னு நான் என்ன கனவா கண்டேன்?" என்றான் தாஸ், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு.

"வைக்கோலை நீங்கதானே எடுத்து எடுத்துப் போடறீங்க? உண்மையைச் சொல்லுங்க!"

"அதை எடுத்து நான் என்ன பண்ணப் போறேன்? நான் என்ன மாடா?"

"மாடா இருந்தா பாலாவது கறக்கும்!"

மறுபடியும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். பெர்லின் பெருமூச்சு விட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி முழுவதையும் பெருக்கப் போனாள். ஆரோன் சரசு வீட்டுக்குப் பால் பாக்கெட் வாங்க ஓடினான். இருவரும் ஃபேக்டரியில் ஓவர்டைம் பார்ப்பவர்கள் மாதிரி உழைத்தார்கள். தொட்டியில் மட்டும் ஏறுவதாகக் காணோம்.

"பிள்ளைங்க ரெண்டும் தங்கமா மாறிடுச்சு ஆஷா," என்றாள் சரசு. "ஆனா பாவம், ரொம்ப வேலை செய்யுதுங்க. ஸ்வல்ப ரெஸ்ட் குடு."

இருபத்திநாலாம் தேதி. ரோஸ் குக்கீஸும் கல்கலாவும் டப்பாவில் நிறைந்துவிட்டன. வாசலில் நட்சத்திரம் எரிந்தது. கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பித்து, சந்து முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆஷா புதுப் புடவையில், பாலன் சுரூபத்தைப் பட்டுத்துணியில் ஏந்திக்கொண்டு குடில் பக்கம் வந்தாள்.

தொட்டி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

தெருமுனையில் ஃபாதரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஆஷா பாலனை இடது கையில் அணைத்துக்கொண்டாள். பரண்மேல் கிடந்த வைக்கோல் கட்டை இழுத்து, கை நிறைய உருவினாள். இதைத் திணித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

"மம்மி!" பெர்லின் குறுக்கே வந்து நின்றாள். "நல்ல காரியம் செய்யாம போட்டா அது கள்ள வைக்கோல். பாக்கறவர் பாத்துக்கிட்டிருக்கார்னு நீதானே சொன்னே?"

ஆஷாவின் கை தானாகத் தாழ்ந்தது. அதற்குள் ஃபாதர் சாமுவேல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அவர் பின்னாலேயே அன்பியத்துக்காரர்கள் நாலைந்து பேர், வேடிக்கை பார்க்கச் சரசு. ஃபாதர் குனிந்து ஒற்றைக்காதுக் கழுதையைப் பார்த்தார். பிறகு வெறும் தொட்டியைப் பார்த்தார்.

"என்னம்மா ஆஷா, ஒரு வைக்கோலும் காணோம்? இந்த வீட்ல ஒரு நல்ல காரியம்கூட நடக்கலையா?" வேடிக்கையாகத்தான் கேட்டார்.

ஆஷாவின் கண்ணில் நீர் முட்டியது. "மாதா சத்தியமா சொல்றேன் ஃபாதர், பிள்ளைங்க பொழுதன்னைக்கும் நல்லதுதான் செஞ்சாங்க. ஒரு சண்டை கிடையாது, ஒரு பொய் கிடையாது. போடறதை எல்லாம் எதுவோ எடுத்துட்டுப் போயிடுது. எலியும் இல்ல, பூனையும் இல்ல..."

"எலி இல்ல ஃபாதர், நாங்கதான் எடுத்தோம்," என்றாள் பெர்லின் தரையைப் பார்த்தபடி.

"நீங்களா?" ஆஷா பட்டுத்துணியோடு திரும்பினாள். நட்சத்திரம் ஆடும்படி ஒரு சத்தம் போட்டாள். "ஏன்டி எடுத்தீங்க? எதுக்குடா எடுத்தீங்க? என் மானத்தை வாங்கறதுக்கா?"

பெர்லின் தம்பியின் வாயைப் பொத்தப் பார்த்தாள். அவன் அக்காவின் கையை விலக்கினான். ஒன்றாம் வகுப்பில் நூறு வரைக்கும் எண்ணக் கற்றுக்கொண்ட கர்வத்தோடு, ஃபாதருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னான்:

"நானும் அக்காவும் போட்டது நாப்பது ஃபாதர், மம்மி கத்தினது இதோட நாப்பத்திமூணு, மம்மிதான் இயேசு பாப்பாவுக்கு இன்னும் மூணு வைக்கோல் பாக்கி!"