வெறும் தண்ணீர் வரிசை

வெறும் தண்ணீர் குடித்த வரிசை பதினெட்டு சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தது. டேப் சார் மூன்றாவது முறையாக அளந்தார். டேப்பில் தப்பில்லை.

அந்தச் சரளைக் காட்டில் எண்ணெய்ப்பனைக் கன்றுகள் இரண்டு வரிசையாக நின்றன. இடது வரிசைக்குக் கம்பெனியின் புதிய சத்துப்பொடி, வலது வரிசைக்கு வெறும் தண்ணீர். முன்னால் அப்படியே எழுதிய இரண்டு போர்டுகள். பொடி வேலை செய்கிறது என்று காட்டிவிட்டால், தற்காலிக மேற்பார்வையாளரான டேப் சார் நிரந்தரமாவார். அதுவரை சாமான் பெட்டிகளைப் பிரிக்கப்போவதில்லை என்று மனைவி சொல்லிவிட்டாள். இரண்டு வருஷமாக வீட்டில் உட்காருவதும் சாப்பிடுவதும் அட்டைப் பெட்டி மேல்தான்.

பொடி போடுவது தண்ணீர் ஊற்றும் அக்கா.

"ஒழுங்காப் போடறீங்களாக்கா?"

"கைப்பிடி குறையாமப் போடறேன் சார்."

"இனிமே ரெண்டு கைப்பிடி."

பத்தே நாளில் வலது வரிசை குபுகுபுவென்று கிளம்பியது. நான்கு கைப்பிடி என்றார். அது அவர் இடுப்பைத் தாண்டியது. இடது வரிசையோ சவலைப் பிள்ளை மாதிரி நின்றது. தடவிக்கொடுத்தார், கெஞ்சினார், ஒருநாள் கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தார்.

"அந்தப் பொடியில அப்படி என்னதான் இருக்கு?" என்றாள் மனைவி.

"சத்து."

"யாருக்கு?"

மேனேஜர் வருவதற்கு முதல் நாள் மாலை, டேப் சார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரண்டு போர்டுகளையும் பிடுங்கி இடம் மாற்றி நட்டார். அக்கா தூரத்தில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் பார்த்தார், போட்டோ எடுத்தார். "பொடின்னா இதுய்யா பொடி. மூணு மாசத்துல முதலாளி வர்றாரு. இதே வித்தியாசத்தைக் காட்டு, அந்த இடத்துலயே உனக்கு நிரந்தர ஆர்டர்."

அன்று மனைவி முதல் பெட்டியைப் பிரித்தாள்.

இரண்டாவது வாரம் கொழுத்த வரிசை மஞ்சளித்தது. சவலை வரிசை நிமிர்ந்தது.

"ஆறு கைப்பிடி போடுங்கக்கா."

சவலை வரிசை பாய்ந்தது. எட்டு என்றார். முந்தியே விட்டது. மறுபடியும் போர்டை மாற்றலாமென்றால் மேனேஜர் எடுத்த போட்டோ தலைமை அலுவலகச் சுவரில் மாட்டியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பெட்டி மேல் உட்கார்ந்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிரித்த பெட்டியைத் திரும்பக் கட்டினாள்.

முதலாளி வந்தார். கையில் அந்தப் போட்டோவின் பிரதி. போட்டோவைப் பார்த்தார், கன்றுகளைப் பார்த்தார். மேனேஜர் டேப் சாரைப் பார்த்தார். டேப் சார் செருப்பைப் பார்த்தார்.

"பொடி போட்டது யாரு?" என்றார் முதலாளி.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தாங்கய்யா. வெறும் தண்ணின்னு எழுதி ஒரு வரிசையைப் பட்டினி போட்டா மனசு கேக்குமா? சார் குடுக்கற பொடி மொத்தமும் அதுக்குத்தான் போடுவேன், மூணு மாசம் முன்னாடி சார் போர்டை மாத்தி நட்டாரு, நானும் வரிசையை மாத்திக்கிட்டேன்."