ஒத்தவரி திறந்த ஃபைல்

ஃபைலைத் திறக்காமலே உள்ளே இருக்கும் சொல்லை மாற்றிவிடும் பிரகிருதி, அம்பத்தூர் எஸ்டேட் முழுவதற்கும் ஒருவர்தான். மோட்டார்களில் பதிக்கும் பெயர்த்தகடு செய்கிற எங்கள் கம்பெனியில், என்னோடு கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்த ஒத்தவரி. எந்த வேலையையும் கறுப்புத் திரையில் ஒரே வரி அடித்து முடித்துவிடுவார். இரண்டாவது வரி அடிப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

கம்பெனிக்கு மௌஸ் வந்தபோது, காகிதம் பறக்காமலிருக்க அதன்மேல் தூக்கி வைத்தார். கேன்டீனிலும் கமாண்டுதான்.

"நைனா, கத்திரிக்காய தூக்கிட்டு உருளக்கெயங்க போடு. கடைசில ஒரு 'ஜி' சேத்துக்கோ. இல்லாங்காட்டி மொதோ கத்திரிக்கா மட்டும்தான் மாறும்!"

பரிமாறுகிறவர் கரண்டியோடு விழிப்பார். 'ஜி' போட்டால் கம்ப்யூட்டர் எல்லா இடத்திலும் மாற்றிவிடும் என்பது பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

மெட்ராஸ் சென்னையானபோதுதான் எனக்கு வினை வந்தது. வாடிக்கையாளர் முகவரிகளை மாற்றச் சொன்னார் மேனேஜர். ஒத்தவரி லீவு. பார்த்துப் பழகிய தைரியத்தில் நானே ஒரு வரி அடித்தேன், 'ஜி' உட்பட. நகல் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. நொடியில் முடிந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

பெயரிலேயே மெட்ராஸ் வைத்திருந்த கம்பெனிகளும் சேர்ந்து சென்னையாகியிருந்தன. ஒத்தவரி திரும்பி வந்த அன்று காலை, ஆவடிக்காரர் ஒருவர் பெயர் மாறி அச்சான தகடுகளோடு வந்து நின்றார்.

"எங்கப்பா வச்ச கம்பெனி பேரை மாத்த நீங்க யாருய்யா?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். எனக்கோ வேலை நிரந்தரமாகாத நேரம். "சாயந்திரத்துக்குள்ள எல்லாப் பேரும் சரியாகணும். இல்லேன்னா நாளைக்கு வராதே" என்றார்.

"எல்லாத்தையும் திருப்பி மெட்ராஸாக்கிடலாமா?" என்று ஒத்தவரியிடம் கெஞ்சினேன்.

"அட்ரஸும் சேந்து மாறிடும். பேரை மட்டும் மாத்துனா, மொதல்லயே சென்னைன்னு பேர் வெச்சவன் இன்னா ஆவான்? எந்தக் கமாண்டுக்கும் அது தெரியாது மாமே."

சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஃபைலைத் திறந்தார். பழைய ஆர்டர் கடிதங்களை நான் படிக்கப் படிக்க, ஒவ்வொரு பெயராகத் திருத்தினார். சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை.

"ஒரு டீயாவது...?"

"மூட்றா. அடுத்த பேரப் படி."

நாலரை மணிக்குக் கடைசிப் பெயர் முடிந்தது. மேனேஜருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "இவனை வச்சுக்கிட்டு என்னய்யா பண்றது?"

"சார், இவன அனுப்ச்சா புச்சா ஒருத்தன் வருவான். அவனும் இதையேதான் பண்ணுவான். இவன் இனி சாவுற வரிக்கும் பண்ண மாட்டான்."

மேனேஜர் சிரித்துவிட்டார். என் வேலை தப்பியது. அன்று சிவந்த கண்களைத் தேய்த்துக்கொண்டு நூம்பலில் இருந்த வீட்டுக்கு சைக்கிளை மிதித்துப் போன அந்த மனிதரைப்போல் ஒரு சிநேகிதர் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.