ஏனாம் கேட்ட அருள்முருகன்

"ஏனாமா?" என்றார் சூப்பரின்டென்ட் இராமச்சந்திரன், கையிலிருந்த மனுவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா சார்."

"அதான் கேக்குறேன். ஏனாம்?"

"ஏனாம்தான் சார்."

"யோவ், எதுக்குன்னு கேக்குறேன்யா!"

அருள்முருகன் தலையைக் குனிந்துகொண்டான். ஆந்திராவுக்குள் தனியாகக் கிடக்கும் புதுச்சேரியின் துண்டு ஏனாம். புதுச்சேரி அரசு ஊழியர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே மெடிக்கல் சர்டிபிகேட் தேட ஆரம்பிப்பார்கள். காக்கிநாடா வரை ரயில், அப்புறம் பஸ், அதற்கப்புறம் தெலுங்கு. அங்கே மாற்றல் என்றால் நன்றாக இருந்த மாமியார் திடீரென்று படுத்துவிடுவார். மந்திரியின் மச்சானைத் தெரிந்தவர் யார் என்று ஊரெல்லாம் விசாரிப்பார்கள். அந்த ஊரை ஒருவன் தானாக எழுதிக் கேட்டு இராமச்சந்திரன் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

"நிவேதா அங்கதான் சார் இருக்கா."

நிவேதா அவன் மனைவி. அரசு மருத்துவமனையில் நர்ஸ். கல்யாண ஆல்பம் கைக்கு வருவதற்குள் அவளுக்கு ஏனாம் ஆர்டர் வந்துவிட்டது. அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். வேறு ஆள் எவரும் வருவதாக இல்லை. அவளால் வர முடியாவிட்டால் தான் போய்விடுவது என்று அருள்முருகன் முடிவுகட்டி, அந்த மனுவை எழுதியிருந்தான்.

இராமச்சந்திரன் மனுவை மடித்து அவனிடமே நீட்டினார்.

"நீயா கேட்டா தரமாட்டாங்கப்பா. அங்க இவனுக்கு இன்னா லாபம்னுதான் பாப்பாங்க."

"அப்ப யாருக்குத்தான் சார் தருவாங்க?"

"வேலைய கெடுக்குறவனுக்கு." அவர் சிரித்தார். "கமிஷனர் மேடத்தோட செல்லப் புள்ளயே அந்த வாசல் கூட்டம்தான். அது ஊத்திக்கிச்சுன்னு வையி, மறுநாளே உன்ன காக்கிநாடா ரயில்ல ஏத்தி, கை காட்டி அனுப்பிடுவாங்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அருள்முருகன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

'உங்கள் வாசலில் கொம்யூன்' என்பது கொம்யூன் பஞ்சாயத்து கமிஷனர் புவனேஸ்வரி கொண்டுவந்த திட்டம். மக்கள் ஆபீசுக்கு அலைய வேண்டாம், ஆபீஸே ஊருக்குப் போய்க் குறை கேட்கும். கடலோரத்தில் சின்னத்திட்டு என்ற மீனவர் குப்பம் அருள்முருகனின் பொறுப்பில் இருந்தது. மாலையில் சமுதாய நலக்கூடத்தில் பேனர் கட்டி, மைக் வைத்து, வரவேற்புரை, பொறியாளர் உரை, சுகாதார ஆய்வாளர் உரை, நன்றியுரை என்று நடக்கும். நாற்காலிகளில் பெரும்பாலும் கடற்காற்றுதான் உட்கார்ந்திருக்கும். கூட்டமாகத் தெரிகிற ஒரு கோணத்தைக் கண்டுபிடித்து போட்டோ எடுத்து அனுப்பி, அருள்முருகன் இதுவரை காப்பாற்றி வந்தான்.

'இனிமே அந்தக் கோணமும் கிடையாது' என்று நினைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் பாகூரில் இருந்த வாடகை வீட்டில், போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து டிபன் சாப்பிட்டான். அங்கே நிவேதாவும் அப்படியே செய்தாள். தினமும் இப்படித்தான், இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவதாகப் பேர். அவளுக்குப் பின்னால் கோதாவரியில் படகு ஒன்று ஊதுவது கேட்டது.

"என்னடி, உப்புமாவா?"

"இல்ல, பக்கத்து வூட்டு அத்தம்மா பெசரட்டு குடுத்தாங்க."

"அத்தம்மாவா?"

"இங்க அப்டித்தான் கூப்புடுவாங்க."

அவனுக்குத் தெரியாத மாமியார் ஒருத்தி அவளுக்கு அங்கே முளைத்துவிட்டிருந்தாள். அதற்கு அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது நெட் நின்றது. வாயில் பாதித் தோசையோடு நிவேதா திரையில் உறைந்துபோனாள். அருள்முருகன் லைனைத் துண்டிக்கவில்லை. இட்லி ஆறும் வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த கூட்டத்தை அவன் உச்சி வெயிலில் வைத்தான். கூடம் வேண்டாம், பேனர் வேண்டாம், ஊர்க்கோடியில் வலை பழுது பார்க்கும் கொட்டகையே போதும் என்றான். இந்த நேரத்தில் எவன் வருவான்?

போய்ப் பார்த்தால் ஊரே அங்கே இருந்தது. போட்டுகள் கரையேறி, மீன் விற்று முடித்து, ஆண்கள் வலையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பெண்கள் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். தினமும் அந்த நேரத்துக்கு அவர்கள் இருக்கிற இடமே அதுதானாம். கூட வந்த சுகாதார ஆய்வாளர் மெய்சிலிர்த்துப்போய் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் போட்டோ போட்டார். அதற்கு எந்தக் கோணமும் தேவைப்படவில்லை. கமிஷனர் கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார்.

'சரி, நேரம்தான் தப்பாப் போச்சு, பேச்சையாச்சும் கெடுப்போம்' என்று அடுத்த முறை அதிகாரிகள் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. வரவேற்புரையும் இல்லை. ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, நிவேதாவிடமிருந்து மெசேஜ் வருகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்து போய்விடுவார்கள் என்று நம்பினான்.

யாரும் எழுந்து போகவில்லை. பிறகு மீன் விற்கிற ஜெயமணி மெதுவாக ஆரம்பித்தாள்.

"எங்க தெரு கோடிக்குத் தண்ணியே ஏறல. இன்னா, யாராச்சும் கேட்டீங்களா?"

"மேல்தெருவுல மோட்டார் வெச்சு இழுத்தா எங்கேர்ந்து ஏறும்?" என்றாள் அமிர்தம்.

"யாரு மோட்டார் வெச்சது? உங்க அண்ணன்தான வெச்சான்!"

சண்டை பிடித்துக்கொண்டது. யாராவது மைக்கைத் தட்டி நிறுத்துவார்கள் என்று வழக்கம்போல எதிர்பார்த்தார்கள். யாரும் நிறுத்தவில்லை. கத்தி ஓய்ந்து, அவர்களே கணக்குப் போட்டு, எந்த இடத்தில் குழாயைப் பிரித்தால் இரண்டு தெருவுக்கும் தண்ணீர் வரும் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

"நடுவுல பூந்து பேசாம வாய மூடிக்கினு கேட்ட ஆபீசர இப்பதாம்பா பாக்குறேன்" என்றார் சொந்தப் படகு வைத்திருக்கும் கண்ணையன்.

அருள்முருகன் பெருமூச்சு விட்டான்.

"இன்னா சாரு, வந்ததுலேர்ந்து போனையே பாத்துக்கினு மூச்சு வுடுற?" என்றாள் ஜெயமணி.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு இப்டிக் கெடக்குது?"

அவன் சொன்னான். கொஞ்சம்தான் சொல்ல நினைத்தான், எல்லாமே வந்துவிட்டது. பாட்டிலில் சாய்த்து வைத்த போன், முகம் தெரியாத அத்தம்மா, அலமாரியில் பிரிக்காமல் இருக்கும் அவளுடைய புதுச் சேலைகள். ஊசியும் நூலுமாக இருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. கிளம்பும்போது ஜெயமணி ஒரு தூக்குச் சட்டியில் மத்தி மீன் குழம்பு கொடுத்தாள். அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தூக்கு.

கூட்டத்துக்குப் போகிற நாளை அவன் எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தான். அதை உணர்ந்ததும் பயந்துபோனான். ஏனாம் இன்னும் தூரமாகிக்கொண்டிருந்தது.

எனவே அடுத்த முறை குழாய் என்ன ஆயிற்று என்று கேட்டபோது கையை விரித்தான்.

"எங்கிட்ட கேக்காதீங்க. என்னால ஒண்ணும் ஆவாது. இந்தாங்க, இன்ஜினியர் நம்பர், கமிஷனர் மேடம் நம்பர். தனியா போனா உக்காருன்னுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. ஊரா கெளம்பிப் போங்க. பதில் வர்ற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க."

சொந்த ஆபீசுக்கே ஆள் திரட்டி அனுப்பியவனை எந்தக் கமிஷனர் மன்னிப்பார்?

திங்கட்கிழமை கொம்யூன் ஆபீஸ் வராந்தாவில் மீன் வாசனை ஏறியது. உட்கார்ந்தவர்கள் அசையவே இல்லை. அருள்முருகன் ரிக்கார்டு ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, தன் பெயர் எப்போது உரக்கக் கேட்கும் என்று நிம்மதியாகக் காத்திருந்தான். கேட்டது.

"அருள்முருகன்! இதுதான் மக்கள் பங்கேற்பு!" புவனேஸ்வரியின் முகம் பூரித்திருந்தது. "இவ்வளவு நாளா நாமதான் அவங்களத் தேடிப் போனோம். நீங்க அவங்கள நம்மளத் தேடி வரவெச்சிட்டீங்க. இனி எல்லா ஊருக்கும் நீங்கதான் பொறுப்பு. உங்கள நான் எங்கயும் விடமாட்டேன்."

அந்த வாரமே குழாய் பிரிந்தது. இரண்டு தெருவுக்கும் தண்ணீர் வந்தது.

"கெடுக்குறதுக்கும் ஒரு கைராசி வேணும்பா. உனக்கு அது கெடையாது" என்றார் இராமச்சந்திரன், உண்மையான வருத்தத்தோடு.

சாயங்காலம் நிவேதாவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அப்புறம் சத்தமே இல்லை.

"அழுவுறியா?"

"இல்ல, வெங்காயம் நறுக்குறேன்."

"ஆஸ்பத்திரி டியூட்டி ரூம்லயா?"

படகு ஊதியது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சின்னத்திட்டை முன்மாதிரிக் குப்பமாகக் காட்ட, புதுச்சேரியிலிருந்து பெரிய அதிகாரிகளைக் கமிஷனர் அழைத்து வந்தார். டிவிக்காரர்களும் வந்தார்கள். உச்சி வெயிலில் கார்கள் வரிசையாக வலைக் கொட்டகை முன்னால் வந்து நின்றன.

கொட்டகையில் ஒரு நாய் படுத்திருந்தது.

வலைகள் இருந்தன, கூடைகள் கவிழ்ந்திருந்தன, மனிதர்கள் இல்லை. தெருவில் போய்ப் பார்த்தால் வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஜெயமணிக்குப் போன் அடித்தான், எடுக்கவில்லை. டிவிக்காரர் ஒருவர் நாயைப் படம் பிடித்தார். பெரிய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கமிஷனரைப் பார்த்தார். கமிஷனர் அருள்முருகனைப் பார்த்தார்.

அவனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூட்டத்துக்கு வராவிட்டால் போகிறது, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் இருந்தது.

"நாளைக்கே உங்கள ஏனாமுக்கு அனுப்பச் சொல்லி எழுதுறேன்!" என்றார் புவனேஸ்வரி கார்க் கதவைச் சாத்திக்கொண்டே. "அங்க போய் உக்காந்தாத்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வரும்!"

சொன்னபடியே செய்தார். ஆர்டர் கைக்கு வந்த அன்று இராமச்சந்திரன் எழுந்து நின்று அவனைக் கட்டிக்கொண்டார். தண்டனை ஆர்டருக்கு லட்டு வாங்கிக் கொடுத்தவன் அந்த ஆபீசில் அவன் ஒருவன்தான்.

நிவேதாவிடம் சொல்லவில்லை. அவள் வீட்டு வாசலில் பெட்டியோடு போய் நின்று, அவள் முகம் உறையாமல் அசைவதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தான். அவள் சேலைகளை மட்டும் தனிப் பெட்டியில் அடுக்கினான். காலையிலிருந்து அவளுக்குப் போன் போகவில்லை, 'வேலை, அப்புறம் பேசுறேன்' என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்திருந்தது. அதுவும் நல்லதற்குத்தான், பேசினால் உளறிவிடுவான்.

மறுநாள் ரயில். கோபம் இருந்தாலும் சொல்லிக்கொள்ளாமல் போக மனம் வரவில்லை. மத்தியானம் சின்னத்திட்டுக்குப் போனான். கொட்டகை நிறைந்திருந்தது. அவனைப் பார்த்ததும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"வா சாரு, வா! உன்னப் பத்திதான் பேசிக்கினு இருந்தோம்" என்றாள் ஜெயமணி.

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தேங்க்கா. அன்னிக்கு நீங்க யாரும் வராம போனதுல மேடத்துக்கு செம கோவம். எனக்கு ஏனாம் போட்டுட்டாங்க. அதுவும் நல்லதுதான். நாளைக்குக் காலையில ரயில். இனிமே நிவேதாகூடவே இருப்பேன்."

அமிர்தம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஜெயமணி தூக்கைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். தன்னைப் பிரிய இவ்வளவு வருத்தமா என்று அருள்முருகனுக்குக் கண் கலங்கியது.

கண்ணையன்தான் கடைசியில் வலையை மெல்லக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு ஊரே கெளம்பிப் போயி, ஒம் பொண்டாட்டிய இங்க மாத்தச் சொல்லி மந்திரி வூட்டு வாசல்ல குந்தியிருந்தோம் சாரு... ஆர்டரும் போட்டுட்டாங்க. அந்தப் பொண்ணு போன்ல உங்கிட்ட சொல்லாதீங்கன்னுட்டு, இன்னிக்கு காக்கிநாடாவுல ரயில் ஏறிடுச்சே!"