நல்ல கேள்வி, உக்காரும்மா!

கைகொடுப்போர் என்றோர் இனம் நம் கல்லூரிகளில் செழித்து வளர்ந்துவருகிறது. அடையாளம் காண்பது சுலபம். கழுத்தில் அட்டை, கக்கத்தில் கோப்பு, வாயில் ‘நானே முதல் தலைமுறைப் பட்டதாரிதாங்க’ என்ற வாக்கியம்.

செங்கல்பட்டு - திருப்போரூர் சாலையில் ஒரு கல்லூரி. அங்கே புள்ளியியல் பேராசிரியர் தாமோதரனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா நிலக்கடலை போட்டவர். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் இவர்தான். தன்னைப் போல வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற ஆசை நிஜமாகவே உண்டு, பொய் சொல்லக் கூடாது. அந்த ஆசையைப் பார்த்துத்தான் ஏழு வருடத்துக்கு முன்னால் அவரைக் கற்றல் உதவித் திட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். அன்றோடு பாடம் நடத்துவது நின்றது. உதவி ஆரம்பித்தது.

முதல் வேலையாகத் திட்டத்தின் பெயரை மாற்றினார். ‘மெல்லக் கற்போர்’ என்றால் பிள்ளைகள் மனம் புண்படுமாம். ‘வளரும் மொட்டுகள்’ என்றார், பிறகு ‘விடியல் நாடுவோர்’ என்றார், இப்போது ‘சிகரம்’. பிள்ளைகள் என்னவோ அன்றும் இன்றும் ‘ஸ்லோ பேட்ச்’ என்றுதான் சொல்கிறார்கள். பெயர் மாறினால் அறிமுக விழா, விழா என்றால் பதாகை, பதாகை என்றால் அதன் முன்னால் இடமும் நேரமும் பதிந்த புகைப்படம், படம் என்றால் அறிக்கை, அறிக்கை என்றால் அதைச் சரிபார்க்க வரும் ஆய்வுக்குழு. இவ்வளவுக்கும் நடுவே மனுஷன் கணக்கு எங்கே சொல்லிக்கொடுப்பான்? நீங்களே சொல்லுங்கள்!

கோவளத்திலிருந்து வரும் அஃப்ஸானா இந்தச் சிகரத்தில் ஒருத்தி. புள்ளியியலை இரண்டு முறை கோட்டைவிட்டவள். இந்த முறையும் போனால் படித்தது போதும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. தேர்வு வியாழக்கிழமை. திங்கட்கிழமை சாயங்காலம், ஊர் பஸ்ஸை விட்டுவிட்டு, சிகரம் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள்.

“கூச்சப்படாம கேள்வி கேளுங்க!” என்று முழங்கினார் தாமோதரன்.

“சார், அந்த ப்ராபபிலிட்டில வர்ற பேயஸ் கணக்கு...”

“நல்ல கேள்வி! உக்காரும்மா.”

அவ்வளவுதான். அப்புறம் தன்னம்பிக்கை அரை மணி நேரம், மூச்சுப்பயிற்சி பத்து நிமிடம், ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம், கடைசியில் கருத்துப் படிவம். ‘மேலும் என்ன உதவி தேவை?’ என்ற இடத்தில் அவள் ‘பேயஸ் கணக்கு’ என்று எழுதிக்கொடுத்தாள். தாமோதரன் படித்தார், நெகிழ்ந்தார், கோப்பில் சேர்த்தார்.

செவ்வாய்க்கிழமையும் இதே கூத்து. புதன்கிழமை அவரே அவளை அறைக்கு அழைத்தார். கணக்குக்காகவா? சேச்சே! ஆய்வுக்குழுவுக்கு ஒரு வெற்றிக் கதை வேண்டியிருந்தது.

“உன் பேக்ரவுண்ட் சொல்லும்மா. அப்பா மீன் பிடிக்கிறாரா?”

“இல்ல சார், செல்போன் கடை வெச்சிருக்காரு.”

சின்ன ஏமாற்றம். “கஷ்டம்னு எதுவுமே இல்லையா?”

“கீது சார்.”

தாமோதரன் ஆவலாகப் பேனாவைத் திறந்தார்.

“இந்த பேயஸ் கணக்குதான் சார். மூணு நாளா கேட்டுக்கினே கீறேன். நாளைக்கு எக்ஸாமு. இந்த தபாவும் போச்சுன்னா வூட்ல நிறுத்திடுவாங்க. பேக்ரவுண்டெல்லாம் பாஸானப்புறம் எத்தினி வேணா சொல்றேன், இந்த ஒண்ண சொல்லிக் குடுங்க சார்.” சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“பூ, இவ்ளோதானா!” என்று சாக்பீஸை எடுத்தார். மூன்று இயந்திரங்களில் போல்ட் செய்கிறார்கள். ஒரு போல்ட் பழுது. அது முதல் இயந்திரத்தில் வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு? ஒரு வரி எழுதினார். அடுத்த வரியில் ஒரு பின்னம்; மேலே எதைப் போடுவது, கீழே எதைப் போடுவது? அழித்தார். எழுதினார். மறுபடி அழித்தார். ஏழு வருடம் விடாமல் உதவி செய்ததில் கணக்கு கழன்று போயிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மெதுவா யோசிங்க சார்,” என்றாள் அஃப்ஸானா, பரிவாக. “அவசரமே இல்ல. தப்பா வந்தாலும் பரவால்ல.”

அவர் மற்றவர்களுக்கு ஊட்டிவந்த அதே பரிவு. அது எவ்வளவு கசக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

“எனக்கு மறந்துபோச்சும்மா,” என்று ஒப்புக்கொண்டு, புத்தகத்தை நடுவில் விரித்தார். இரண்டு பேரும் முட்டி மோதினார்கள். திடீரென்று அவள், “சார், எங்க அண்ணன் மறைமலைநகர்ல கம்பெனி வேலைக்குப் போவுது. அங்க ரிஜெக்ட் வந்தா, மூணு மெஷினுதையும் ஒண்ணா கொட்டி எண்ணுவாங்களாம். அப்பால எந்த மெஷினுது எத்தினின்னு பாப்பாங்களாம்” என்றாள்.

“ஐயோ, அந்த மொத்தந்தாம்மா கீழ வரணும்!” என்று கத்தினார் தாமோதரன். ஏழு வருடத்தில் அவர் நடத்திய ஒரே வகுப்பு அது. அதிலும் பாதியை அவள் நடத்தினாள்.

அஃப்ஸானா நாற்பத்திரண்டு மதிப்பெண்ணில் தேறினாள். ‘மாணவி ஒருவர் ஒருங்கிணைப்பாளருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்’ என்று தாமோதரன் அறிக்கையில் உள்ளபடியே எழுதினார். கல்லூரி முதல்வர் அதை அடித்துவிட்டு, ‘தனிக்கவனம் செலுத்தப்பட்டது’ என்று திருத்தினார்.

சிரித்தீர்களா? நல்லது. சிரிப்புக்கு நடுவே, ‘அருமையான கருத்து, இதை வைத்து ஒருநாள் கருத்தரங்கு நடத்தலாமே’ என்று ஓரமாக ஒரு நினைப்பு ஓடியதா? ஓடியிருந்தால் வருத்தப்படாதீர்கள். எழுதும்போதே எனக்கும் ஓடியது. தலைமை தாங்க உங்களைத்தான் நினைத்துவைத்திருக்கிறேன்.