பின்னறையில் ஈரம்

தரையில் ஈரம் ஊறுகிறதா என்று பார்க்க முந்தின இரவு பின்னறையில் ஒட்டி வைத்த பிளாஸ்டிக் தாளை டெரிக் பிரித்தான். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் மழை பெய்வது அதிசயமில்லைதான், ஆனால் அது வீட்டுக்கு வெளியேதானே பெய்ய வேண்டும்.

தரை காய்ந்தால்தான் ஈரம் தடுக்கும் பூச்சு பூசலாம். பூச்சு போட்டால்தான் தானே மட்டமாகப் பரவும் கலவையை ஊற்றலாம். கலவை இறுகினால்தான் மாமியார் வினிஃப்ரெட் அந்த அறைக்குக் குடிவருவார். அதுவரை மாடியிலிருந்த ஒரே படுக்கையறை தாய்க்கும் மகளுக்கும். டெரிக்குக்குக் கூடத்து சோபா. அது அவனைவிட ஒரு முழம் குட்டை.

"இன்னும் காயலையா? பாவம் நீ," என்று மனைவி ஹேசல் டீயை நீட்டினாள். அவன் கண்ணைச் சுற்றிக் கருவளையம். அவள் முகம் பளிச்சென்று இருந்தது.

"ஆளைக் கூப்பிடலாமா?" என்று கேட்டான் டெரிக்.

"ஒரு தரைக்கு ஆளா? தெருவே சிரிக்கும்."

சாமான் கடைக்காரர் யோசனை சொன்னார். "தரைவிரிப்பு ஒட்டின பழைய பசை படிஞ்சிருக்கும் சார். தேய்ச்சு எடுத்துடுங்க, ஈரம் தானா வெளியேறிடும்."

வாடகை இயந்திரத்தால் டெரிக் தரையைத் தேய்த்தான். காலை ரொட்டியிலும் சிமெண்டு நறநறத்தது. மறுநாள் தாளைப் பிரித்தால் தண்ணீர் இரண்டு மடங்கு.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வந்தது. அதன் வாளியும் நிரம்பியது, தரையும் ஊறியது. அது போட்ட இரைச்சலில் சோபாவில் கிடைத்த அரைத் தூக்கமும் போயிற்று. பொறுமை இழந்து ஈரத்தின் மேலேயே பூச்சைப் பூசினான். வெந்த உருளைக்கிழங்குத் தோல்போல் அது உரிந்து வந்தது. சுரண்டுவதற்கு இன்னொரு வாரம் பிடித்தது.

"நிதானமா செய், டெரிக். அம்மாவுக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்றாள் ஹேசல்.

"எனக்கு இருக்கு. முதுகு ரெண்டா பிளக்குது."

"வேணும்னா இன்னொரு தலைகாணி தரேன்."

அவள் குணத்தை நினைத்து அவனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இவளுக்காகவாவது இதை முடிக்க வேண்டும் என்று தோன்றியது. தரை முழுவதையும் உடைத்துவிட்டு, அடியிலிருந்து புதிதாகப் போடுவதென்று தீர்மானித்தான்.

சனிக்கிழமை ஹேசல் கடைக்குப் போயிருந்தாள். டெரிக் காங்கிரீட் உடைக்கும் இயந்திரத்தைத் தூக்கி நிறுத்தினான். அறை வாசற்படியில் வினிஃப்ரெட் டீக் கோப்பையோடு வந்து நின்றார்.

"அதைக் கீழ வை மாப்ளே."

"வேற வழியில்ல அத்தை. தண்ணி பூமியிலேர்ந்து ஏறுது. உடைச்சாத்தான் தீரும்."

வினிஃப்ரெட் ஒரு வாய் டீ குடித்தார். தெருவாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"பூமியிலேர்ந்து வரல மாப்ளே, தினமும் நீ வேலைக்குப் போனதும் நான்தான் ஊத்தறேன்; உன் குறட்டையைப் பத்தி மூஞ்சிக்கு நேரா சொன்னா மரியாதையா இருக்காதுன்னு ஹேசல்தான் ஊத்தச் சொன்னா."