சீட்டுக்கு அடியில் ஒரு துப்பாக்கி

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகள் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்க வேண்டும். ஆயுதம் வாங்கக் கூடாது. நான் வாங்கினேன். சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய கெலாங் பாத்தாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் திருடன் புகுந்தான் என்று கேள்விப்பட்டதும், இணையத்தில் ஒரு ரப்பர் குண்டுத் துப்பாக்கியை வரவழைத்துவிட்டேன். "உயிர் போகாது, வலி மட்டும்தான். லைசென்சும் வேணாம்" என்றான் விற்றவன். (லைசென்ஸ் விஷயம் பச்சைப் பொய். விசாரிக்கும் அறிவு அப்போது எனக்கு இல்லை.)

வலி விஷயத்தில் அவன் உத்தமன். பின்பக்கச் சுவரைக் குறிபார்த்துச் சுட்டேன். குண்டு சுவரில் பட்டுத் திரும்பி வந்து என் தொடையைப் பதம் பார்த்தது.

"அலமாக்! திருடன் வர்றதுக்குள்ள வீட்டுக்காரரையே சுட்டுருச்சே" என்று என் மனைவி மாலதி தைலம் தேய்த்தாள். நான் துப்பாக்கியைத் துணிப்பையில் போட்டு, கார் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்தே போனேன்.

சிங்கப்பூருக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போவேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை மழை கொட்டியதால் காரை எடுத்தேன். எல்லைப் பாலத்தின் நடுவில்தான் துப்பாக்கி ஞாபகம் வந்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். பை இருந்தது. உள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

திரும்ப வழியில்லை. தூக்கி எறியலாமென்றால் முன்னும் பின்னும் லாரி. அந்த ஊரில் துப்பாக்கியோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை போகும், நான் உள்ளே போவேன், மகள் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது.

சோதனைச் சாவடியில் நம்ம தமிழ்ப் பையன் ஒருவன்தான் அதிகாரி. என்னை உற்றுப் பார்த்தான்.

"என்ன அண்ணே இப்படி வேர்க்குது? ஏர்கான் கெட்டுப்போச்சா?"

"இல்ல சார்... ஆமா சார்."

அவ்வளவுதான், இறங்கச் சொல்லிவிட்டான். நேராகச் சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பையை எடுத்தான். நான் கண்ணை இறுக மூடி, மாரியம்மனில் ஆரம்பித்து, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

"பொரி கடலை, தேங்கா மூடி... பூஜைப் பிரசாதமா? இதுக்கா அண்ணே நடுங்குறீங்க?"

"பயபக்தி சார்" என்றேன்.

சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டான். கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரங்கட்டி மாலதியைப் போனில் கூப்பிட்டேன்.

"ஆமாங்க, நான்தான் எடுத்தேன். ஆயுத பூஜைக்கு ஆயுதத்த வெக்காம வேற எத வெக்கிறதாம்? வீட்டுல நெஜமான ஆயுதம் அது ஒண்ணுதானே லா. நீங்க ஓவர்டைம் முடிஞ்சி வர்றதுக்குள்ள பூஜை முடிஞ்சிருச்சி. மறுபூஜை ஆகாம எடுக்கக் கூடாதுன்னு சாமி ரூம்லயே இருக்கு. பை சும்மா இருந்துச்சி, மழையில காருல போறீங்களே, வழியில பசிக்குமேன்னு பொரி போட்டு அங்கயே வெச்சேன்."

வாய்விட்டு அழுதேன். அப்படி ஒரு நிம்மதி! அழுதுகொண்டே அத்தனை பொரியையும் தின்று தீர்த்தேன்.

அன்று மாலையே துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தோம். இதற்கு எதற்குப் பொட்டு என்று சார்ஜன் மலாயில் கேட்டார். மாலதி பொறுமையாக விளக்கினாள். எனக்குத்தான் செம டோஸ். ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஆண்டுதோறும் எங்கள் ஆயுத பூஜையில் பாராங் கத்திக்கும் மகளின் லேப்டாப்புக்கும் நடுவே, சந்தனம் குங்குமத்தோடு ஒரு பொரிப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். வருகிறவர்கள் என்னவென்று கேட்டால் மகள் முந்திக்கொள்வாள்.

"அதுவா? அது அப்பாவோட ஆயுதம்."