கிரீச் சாரும் ஏரிக்குள் கிடந்த எங்கள் தெருவும்

பிள்ளை பிடிப்பவர், வீடு இடிக்க வந்த அதிகாரி, சாமி சிலை திருடுகிறவர், மாறுவேடத்தில் வந்த போலீஸ் என்று ஒரே வாரத்தில் நான்கு விதமாகச் சந்தேகிக்கப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. கேட்டால் அவர் பதிலுக்கு எங்கள் பெயரைக் கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். அவர் சைக்கிளில் பிரேக் போடும் சத்தத்தை வைத்து ‘கிரீச் சார்’ என்றோம்.

அது சாதாரணச் சத்தமல்ல. திருநின்றவூர் ஸ்டேஷனில் மின்சார ரயில் வந்து நிற்கிற சத்தத்தை ஒரு சைக்கிளுக்குள் அடைத்தது போல இருக்கும். அதையும் அவர் ஒரு தடவையோடு விடமாட்டார். மின்கம்பம் கண்டால் கிரீச். தெருக்குழாய் கண்டால் கிரீச். தெரு திரும்பினால் கிரீச். ஹேண்டில்பாரில் பழைய டியூபை வெட்டிக் கட்டிய செல்போன். நின்றதும் ஒரு வீட்டை உற்றுப் பார்ப்பார், போனில் ஏதோ தட்டுவார், மறுபடி வீட்டைப் பார்ப்பார். வீட்டைப் பார்த்துப் பார்த்துப் போனில் தட்டுகிறவரை யார்தான் நம்புவார்கள்?

தெருமுனையில் செல்வியக்காவின் இட்லிக் கடைதான் எங்கள் விசாரணை மன்றம்.

“ஏரிக்கரை ஊடெல்லாம் இடிக்கப் போறாங்கோ. இவன் முன்னாடி அனுப்பின ஆளு. அளந்துகினு போறான்,” என்றார் ஆட்டோ ஓட்டும் குமார் அண்ணன்.

“அதிகாரின்னா ஜீப்புல வருவான். இவன் இன்னாத்துக்கு சைக்கிள்ல வர்றான்?” என்றார் செல்வியக்கா.

“அதான்க்கா தந்திரமே!”

“பேச்சு கூட நம்ம பேச்சு கெடையாது. ‘தண்ணி இருக்குமா தாயி’ன்னு கேட்டான். நான் பயந்து போய் மோரே குடுத்துட்டேன்.”

சிரித்தாலும் பயம் உண்மையானது. எங்கள் வீடுகள் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ‘ஏரி’ என்று யாராவது சத்தமாகச் சொன்னால் அம்மா உள்ளே போய், வீட்டுப் பத்திரம் இருக்கும் தகரப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

அந்தப் பெட்டியில் இருப்பதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அப்பா பாடியில் லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றுகிறார். கையெழுத்துப் போடுவார், அதோடு சரி. அம்மா அதுவும் போடமாட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அங்கே நிற்காமல் கல்லூரியும் முடித்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. கேஸ் புத்தகம் முதல் மாத்திரை அட்டை வரை தெருவுக்குள் வருகிற எந்த எழுத்தும் என் கண்ணில் பட்டுத்தான் போகும். அதனால் கிரீச் சார் விஷயத்திலும் என்னிடம்தான் தீர்ப்புக் கேட்டார்கள்.

யோசித்துச் சொன்னேன். “முன்பின் தெரியாத யார் வந்தாலும் தெருப் பேர், வீட்டு நம்பர், ஆள் பேர் எதுவும் சொல்லாதீங்க.”

எங்கள் தெரு இதுவரை யார் சொல்லையும் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரீச் சார் வந்து எங்கள் வாசலில் நின்றார். “இது என்ன தெரும்மா?” என்றார். இருபது வருஷமாக அதே வாசலில் கோலம் போடும் அம்மா, “எனுக்குத் தெரியாது சார். நானே விருந்தாளி,” என்றார். பக்கத்து வீட்டில் கேட்டார். அவர்களும் விருந்தாளி. எதிர்வீட்டில், லுங்கியோடு பல் விளக்கிக்கொண்டிருந்த குமார் அண்ணனும் விருந்தாளி. எட்டு வீடுகளில் கேட்டார், எட்டு வீட்டிலும் விருந்தாளிகள். தலையைச் சொறிந்துகொண்டே போனில் எதையோ தட்டிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து, டிராலி பெட்டியை உருட்டிக்கொண்டு புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி எங்கள் வாசலில் வந்து நின்றது.

“ரூம் இருக்குமாங்க?” என்றான் மாப்பிள்ளைப் பையன்.

“இன்னாது?”

“மேப்புல விருந்தினர் விடுதின்னு போட்டிருக்கே. அட்டாச்டு பாத்ரூம் உண்டா?”

அம்மா கையில் எடுத்த துடைப்பத்தைப் பார்த்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்த ஞாயிறு நான் கிரீச் சாருக்காகவே காத்திருந்து சைக்கிளுக்குக் குறுக்கே நின்றேன்.

“யார் சார் நீங்க? எங்க தெருவ எதுக்கு லாட்ஜ்னு போட்டீங்க?”

“எட்டு வீட்டுல கேட்டேன். எட்டு பேரும் விருந்தாளின்னாங்க. அப்பம் அது விடுதிதானம்மா?” என்றார். சிரிக்கக்கூட இல்லை. “தப்புன்னா சொல்லு, அழிச்சிருதேன்.” அங்கேயே நின்று அழித்தும் காட்டினார்.

பிறகு விளக்கம் சொன்னார். ஊர் தென்காசிப் பக்கம். ஆவடி பாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. இன்டர்நெட்டில் ஒரு மேப் இருக்கிறதாம். அதை யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம். லீவு நாளில் சைக்கிளில் சுற்றி, அதில் இல்லாத தெருவைச் சேர்க்கிறாராம்.

“யார் சம்பளம் தர்றாங்க?”

“யாரும் தரல.”

“அப்போ எதுக்குச் செய்றீங்க?”

“மேப்புல ஒரு தெரு விட்டுப்போச்சுன்னா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கும்மா.”

அதுவரை எனக்கு அவர்மேல் பாதிச் சந்தேகம்தான் இருந்தது. அந்தப் பதிலோடு முழுச் சந்தேகமாகிவிட்டது. சம்பளம் வாங்காமல் வெயிலில் கம்பம் எண்ணுகிறவரை நம்புவதற்கா நான் இவ்வளவு படித்தேன்? போதாக்குறைக்கு, அன்றிலிருந்து அவர் தெருவை விட்டுவிட்டு ஏரிக்கரையையே சுற்ற ஆரம்பித்தார்.

“நான் சொல்லல? இப்ப ஏரியவே அளக்குறான்,” என்றார் குமார் அண்ணன். அம்மா தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஏ.சி. ஆபீஸ், கழுத்தில் அடையாள அட்டை, என் பெயர் போட்ட மேஜை. எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற முதல் வேலை. சேருவதற்கு முன் முகவரியைச் சரிபார்க்க ஆள் வருவார் என்றார்கள். நான் மெடிக்கல் டெஸ்டுக்காக அம்பத்தூர் போயிருந்த நாளில் அவர் வந்துவிட்டார்.

சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“ஒர்த்தன் பைக்ல வந்து உம் பேரச் சொல்லிக் கேட்டான்டி. நான் சொல்லுவனா? ரேவதியா, அப்படி யாரும் இங்க இல்ல, நானே விருந்தாளின்னுட்டேன். செல்வியும் கரெக்டா அதயே சொல்லிட்டா. ஒரு வார்த்த வாங்க முடியல அவனால!”

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை மெயில் வந்தது. அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை. அக்கம்பக்கத்தினர் மறுத்துவிட்டனர். வீட்டில் இருந்த பெண்மணி தான் விருந்தாளி என்று தெரிவித்தார். இதெல்லாம் போதாதென்று கடைசி வரி: ‘குறிப்பிட்ட இடம் நீர்நிலை.’ வெள்ளிக்கிழமை இன்னொரு முறை வருவார்கள். அதிலும் சரிவராவிட்டால் வேலை இல்லை.

பதறிப்போய் கம்பெனிக்கு போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: “உங்க பக்கத்து வீட்டுக்காரங்கள நீங்க பேசி சரி பண்ணிடலாம். ஆனா எங்க ஆளு நின்னு போட்டோ எடுத்த இடம் மேப்புல ஏரின்னு காட்டுதுங்க. ஏரிக்குள்ள வீடு இருக்குன்னா எங்க சிஸ்டம் எடுக்காது.”

எங்களை லாட்ஜ் ஆக்கிய அதே மேப்பைத்தான் கம்பெனியும் பார்க்கிறதாம். என் போனில் அதைத் திறந்தேன். உண்மைதான். ஏரியின் நீல நிறம் கரையைத் தாண்டி, எங்கள் வீடு, செல்வியக்கா கடை, குமார் அண்ணனின் ஆட்டோ நிற்கும் வேப்பமரம் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. கழுத்தில் தொங்கவேண்டிய அட்டை தண்ணீரில் மிதப்பது போல எனக்குத் தோன்றியது.

“அந்த சைக்கிள்காரன் பண்ண வேலதான் இது!” என்றார் அம்மா.

எனக்கும் அதே சந்தேகம். ஞாயிறு காலையில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஏரிக்கரை மேலிருந்து கிரீச் கேட்டதும், செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

“எங்க தெருவ ஏன் சார் தண்ணிக்குள்ள போட்டீங்க?”

“நானா போட்டேன்? எவனோ எங்கேயோ உக்காந்து, வெள்ளம் வந்த வருசத்து சேட்டிலைட் படத்தப் பாத்து வரைஞ்சிருக்கான்மா. அதத் திருத்தத்தானே ரெண்டு மாசமா சுத்துதேன்.” போனைக் காட்டினார். ஏரியின் ஓரத்தில், அவர் சைக்கிள் போன வழியெல்லாம் சிவப்பாக ஒரு கோடு வளைந்து வளைந்து போயிருந்தது. “கரை இன்னைக்கு முடிஞ்சிரும். ராத்திரிக்குள்ள ஏத்திருவேன். தெருவயும் போட்டிருவேன். பேருதான் கெடைக்கல. இந்தத் தெருவுல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காங்க. எவளோ படிச்ச புள்ள சொல்லிக் குடுத்திருக்காளாம்.”

எனக்கு ஏரிக்குள்ளேயே இறங்கிவிடலாம் போல இருந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அவரை நானே வீடு வீடாக அழைத்துப் போனேன். “இவருக்கு உண்மையச் சொல்லுங்க,” என்றேன்.

“நெஜமாவேவா?” என்றார் செல்வியக்கா. “இது பனைமரத் தெரு சார். என் கடை காலைல மட்டும். நல்லா பெருசா போடு.”

“இன்னொருத்தரும் சொன்னாத்தான் எழுதுவேன்,” என்றார் கிரீச் சார். அதற்குள் எங்களைப் பற்றி அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டிருந்தது. குமார் அண்ணனின் ரேஷன் கார்டைப் பார்த்த பிறகுதான் தட்டினார்.

வெள்ளிக்கிழமை அந்த பைக் ஆள் மறுபடி வந்தார். தெருவே வெளியே வந்து “இவதான் ரேவதி! இவதான் ரேவதி!” என்று கத்தியதில் மனிதர் மிரண்டுபோனார். போனைப் பார்த்தார். நாங்கள் தரையில் இருந்தோம். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன்.

“எல்லாம் சரிடி. ஆனா சும்மா இன்னாத்துக்கு ஒர்த்தன் இதெல்லாம் செய்றான்?” என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறார்.

கிரீச் சார் இப்போது எங்கள் பக்கம் வருவதில்லை. காட்டுப்பாக்கம் பக்கம் சுற்றுகிறாராம். அந்த மேப்பில் திருத்துகிறவர்கள் ஒவ்வொரு திருத்தத்தோடும் ஒரு குறிப்பு எழுதிவைப்பார்கள். எங்கள் தெருவுக்கு அவர் எழுதியதை ஆபீசில் டீ நேரத்தில் தேடிப் படித்தேன்: ‘ஏரிக்கரை திருத்தப்பட்டது. இங்கே யாரும் உண்மை சொல்வதில்லை. தண்ணீர் கேட்டால் மோர் தருகிறார்கள்.’

போன மாதம் எங்கள் தெருவுக்குப் பின்னால் புதிதாக ஒரு சந்து போட்டிருக்கிறார்கள். அது இன்னும் மேப்பில் ஏறவில்லை. சேர்க்க எனக்குத் தெரியும். இரண்டு நிமிட வேலை. நான் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மோரை எடுத்து வைத்துவிடுகிறார். நான் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன், அந்தச் சத்தம் உள்ளே வரட்டும் என்று.